ஐஸ்கிரீம் இயந்திரம் வாங்குவதற்கு முன் ஃபிரீசரை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் புளோக்கில் என் கதவைத் தட்டுபவர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. குளிர்பதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதை அக்கம்பக்கத்தார் அறிவார்கள். கடந்த ஜூன் விடுமுறையில் மட்டும் மூன்று குடும்பத்தினர் வீட்டு ஐஸ்கிரீம் இயந்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அங்கிள், அதற்குள் கெட்டுவிட்டது" என்றார்கள். மூன்றையும் மின்சாரத்தில் போட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடியது, துடுப்பு சுற்றியது, பழுது என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆயினும் மூன்று வீடுகளிலும் அரை மணி நேரம் சுற்றிய பிறகு கிடைத்தது குளிர்ந்த பாயசம்தான். அதில் ஒரு குடும்பம் இயந்திரத்தை இணையத்தில் பாதி விலைக்கு விற்றும்விட்டது. வாங்கியவர் வீட்டிலும் அதே கதைதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதைப் பற்றித் தங்கள் நாளிதழில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வீட்டு ஐஸ்கிரீம் இயந்திரங்களில் மலிவாகக் கிடைப்பவையும் அதிகம் விற்பனையாகின்றவையும் குளிரை உண்டாக்குவதே இல்லை. நம் பாட்டிமார்கள் தயிரை மத்தால் கடைந்ததுபோல அவை கலவையைக் கடைகின்றன. அவற்றின் வேலை அவ்வளவுதான். குளிர் என்பது வாங்கியவரின் ஃபிரீசரில், முந்தைய நாளே, உண்டாகி முடிந்திருக்க வேண்டும். விற்பனையாளர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை, பெட்டியின் மேலும் கண்ணில் படும்படி எழுதியிருப்பதில்லை. உள்ளே இருக்கும் கையேட்டில் எழுதியிருந்தாலும் அது ஆங்கிலத்திலும் சீனத்திலும் வேறு பல மொழிகளிலும் இருக்கிறதே தவிர, நான் பார்த்த வரையில் தமிழில் இருந்ததில்லை.

பழைய இயந்திரத்தில் இந்தக் குழப்பமே இருந்திருக்காது. 1843ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைச்சுற்று இயந்திரம் ஒரு மரவாளியும், அதற்குள் ஓர் உலோகக் குவளையும், குவளைக்குள் ஒரு துடுப்பும் கொண்டது. வாளிக்கும் குவளைக்கும் இடையில் பனிக்கட்டியையும் கல்லுப்பையும் கொட்டிக் கையால் சுற்ற வேண்டும். உப்புச் சேர்ந்ததும் பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழேயும் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்குத் தேவையான வெப்பத்தைக் குவளையிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. எடையில் மூன்று பங்குக்குச் சற்று மேல் பனிக்கட்டியும் ஒரு பங்கு உப்பும் சேர்ந்தால் அந்தக் கலவை கோட்பாட்டளவில் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடும். குளிர் எங்கிருந்து வருகிறது என்பது சுற்றுகிறவனின் கண்ணெதிரே தெரிந்தது. பனிக்கட்டி தீர்ந்தால் குளிர் தீர்ந்தது.

நம் ஊரில் குளிர் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த சரக்குதான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். வாம்போவா என்று அறியப்பட்ட ஹூ ஆ கே, 1854இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வரவழைத்து, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அதற்கென்றே ஒரு கிடங்கு வைத்து விற்றார். அந்த வியாபாரம் நட்டத்தில் முடிந்தது. இன்று ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் ஒரு ஃபிரீசர் இருப்பதால் குளிர் மலிவாகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஃபிரீசரில் எவ்வளவு குளிர் மிச்சம் இருக்கிறது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில், பரவலாக விற்பனையாகும் உறைகிண்ண இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதன் கிண்ணம் இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவர்களுக்கும் இடையில் ஒரு நீர்மம் அடைக்கப்பட்டிருக்கும். அது முழுதாக உறைந்தால்தான் கிண்ணம் வேலை செய்யும். 16 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை ஃபிரீசரில் வைக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் அவ்வாறு சொல்கின்றன. தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சி, இறால், மீன், துருவிய தேங்காய், விருந்துக்காக முன்கூட்டியே வாங்கிய பரோட்டா என்று மூச்சு முட்டும்படி அடைத்து, ஒரு நாளைக்குப் பத்து முறை கதவைத் திறந்து மூடும் ஃபிரீசர் அந்த அளவில் நிற்பதில்லை. என்னிடம் வந்த மூன்று வீடுகளில் ஒன்றில் நான் வெப்பமானியை வைத்து அளந்தபோது மைனஸ் 11 டிகிரி காட்டியது. அந்தக் குளிரில் மீன் கெடாமல் இருக்கலாம், ஐஸ்கிரீம் ஆகாது.

கிண்ணம் உறைந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலவென்று தண்ணீர் ஆடும் ஓசை கேட்டால் அது இன்னும் உறையவில்லை, திரும்ப வைத்துவிடுங்கள். ஓசையே கேட்காவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம், 24 மணி நேரம் முழுதாக ஆகட்டும். கதவோரத்தில் வைக்காமல், குளிர்காற்று வரும் பின்பக்கச் சுவரை ஒட்டி, நிமிர்ந்த நிலையில், நாற்புறமும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைப்பது மிகவும் நல்லது. இல்லாவிட்டால் உட்சுவரில் பனி பூத்துவிடும். அந்தப் பனி கலவைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போர்வைபோல நின்று குளிரைத் தடுக்கும். பையில் இருந்தால் நெத்திலியின் வாசமும் கிண்ணத்தில் ஏறாது.

கடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தையற்காரர் நாடாவால் உங்கள் ஃபிரீசர் தட்டின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் கிண்ணம் பலருடைய ஃபிரீசரில் நிமிர்ந்து நிற்பதே இல்லை. சாய்த்து வைத்தால் நீர்மம் ஒரு பக்கமாகத் தேங்கி உறைந்து, கிண்ணத்தின் ஒரு பாதி கல்லாகவும் மறு பாதி வெறும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

அடுத்தது கலவையின் வெப்பநிலை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள் என்பதால் தொழில்முறையில் ஒரு சிறு கணக்கைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 600 கிராம் கலவையை எடுத்துக்கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 50 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதே கலவையில் 360 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி உறைவதற்கு, கிராம் ஒன்றுக்கு 334 ஜூல் வீதம், 60 கிலோ ஜூல் வெளியேற வேண்டும். அதாவது, அடுப்பிலிருந்து இறக்கி மின்விசிறிக் காற்றில் ஆறவைத்த கலவையை அப்படியே ஊற்றினால், கிண்ணம் ஒரு நாள் முழுவதும் சேர்த்து வைத்த குளிரில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, உறைய வைக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு கிண்ணம் என்ன செய்யும்? கலவையை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் வைத்தெடுத்து ஊற்றினால், என்னிடம் வந்த மூன்று இயந்திரங்களில் இரண்டு அன்றே ஒழுங்காக வேலை செய்திருக்கும். இரவு முழுவதும் வைப்பதால் பால்கொழுப்பு கெட்டிப்பட்டு, கடையும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது கூடுதல் நன்மை.

நம் சமையலறைகளில் நண்பகலில் 31, 32 டிகிரி இருப்பது வழக்கம். காற்றிலும் ஈரம் மிகுதி. ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்த கிண்ணம் சில நிமிடங்களிலேயே வெளிப்புறம் வியர்த்து, உட்புறம் பனி படியத் தொடங்கும். ஆகவே துடுப்பு, மூடி, மோட்டார் எல்லாவற்றையும் மேசைமேல் தயாராக எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கடைசியாக எடுக்க வேண்டும். என் மனைவி மாலை ஏழு மணிக்கு மேல்தான் ஐஸ்கிரீம் கடைவார். அடுப்பு அணைந்து சமையலறை சற்று ஆறியிருக்கும் நேரம் அது.

இயந்திரத்தை ஓடவிட்ட பிறகுதான் கலவையை ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்தினால், சுவரை ஒட்டிய கலவை அதற்குள் உறைந்து துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் கடகடவென்று முட்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் உடையும். கிண்ணத்தைப் பாதியளவுக்கு, மிஞ்சினால் அறுபது விழுக்காடு வரை, நிரப்பினால் போதும். கடையும்போது காற்று புகுந்து கலவை உப்பும். கடைகளில் மலிவாக விற்கும் ஐஸ்கிரீமில் கலவையின் அளவுக்கு நிகராகக் காற்றும் அடைத்திருப்பார்கள். வீட்டு இயந்திரம் அவ்வளவு காற்றைச் சேர்க்காது. வீட்டில் செய்தது கனமாகவும் நாவில் நிறைவாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைவதன் நோக்கம் காற்றைச் சேர்ப்பது மட்டுமன்று. கிண்ணத்தின் சுவரில் உறையும் மெல்லிய படலத்தைத் துடுப்பு அவ்வப்போது வழித்து எடுத்தால்தான் பனித்துகள்கள் பெரிதாக வளராமல் இருக்கும். துகள் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் நாக்குக்கு அது தெரியாது, வழுவழுப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் நறநறக்கும். விரைவாக உறைந்தால் துகள் சிறியது, மெதுவாக உறைந்தால் பெரியது. சரியாக உறையாத கிண்ணத்தில் ஒரு மணி நேரம் சுற்ற விடுவதால் பயனில்லை என்பது இதனால்தான். 20 நிமிடங்களிலிருந்து 30 நிமிடங்களுக்குள் ஆகவில்லை என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் உறைய வைத்து மறுநாள் முயல்வதே அறிவுடைமை.

இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது ஐஸ்கிரீம் மைனஸ் 5 டிகிரியை ஒட்டி, தளர்வாகத்தான் இருக்கும். ஆர்ச்சர்ட் சாலையில் வண்டிக்காரர் கத்தியால் வெட்டி ரொட்டியில் வைத்துத் தரும் கட்டியைப்போல அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து மேலும் மேலும் சுற்றவிட்டுத்தான் பலர் மோட்டாரை எரித்துவிடுகிறார்கள். அந்தக் கெட்டித்தன்மை வேண்டுமானால் ஆழமில்லாத மூடிபோட்ட பாத்திரத்துக்கு மாற்றி, நான்கு மணி நேரமாவது ஃபிரீசரில் வைக்க வேண்டும். மாற்றும்போது மரக் கரண்டியோ சிலிக்கோன் கரண்டியோ மட்டுமே பயன்படுத்துங்கள். எவர்சில்வர் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கோடு விழுந்த கிண்ணங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கலவையைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் நீரிழிவு பரவலாக இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்யப் பார்க்கிறார்கள். நோக்கம் நல்லதே, ஆனால் ஐஸ்கிரீமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. அது தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்கி, ஃபிரீசரிலும் ஒரு பகுதித் தண்ணீர் உறையாமல் இருக்கச் செய்கிறது. கரண்டி இறங்குவது அதனால்தான். சர்க்கரையை வெட்டிவிட்டு, துளியளவு போதுமான செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தால் நாவுக்கு இனிக்கும், ஆனால் கட்டி செங்கல்லாக இருக்கும். அளவைக் குறைத்து உண்பதைத் தவிர இதற்கு எனக்குத் தெரிந்த வேறு நேர்மையான வழி இல்லை. இரண்டாவது, மாம்பழம், பலாப்பழம் போன்றவற்றின் விழுதில் தண்ணீர் அதிகம். அதை மிதமான தீயில் சற்று வற்றவைத்துச் சேர்த்தால் நறநறப்பு குறையும். தேங்காய்ப் பாலில் செய்பவர்கள் அதிக நேரம் கடையக் கூடாது. தேங்காய்க் கொழுப்பு சிறு சிறு மணிகளாகத் திரண்டு, மெழுகு கடித்தாற்போல ஆகிவிடும். குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த கலவைதான் எங்கள் வீட்டில் முதலில் தீர்ந்துபோகும். பாலை மூன்றில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சிய குல்ஃபிக்கு இயந்திரமே வேண்டாம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் விற்பவர்கள் சொல்லப்போவதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு மறுநாள், மீந்துபோன ஜவ்வரிசிப் பாயசத்தை ஒரு வீட்டில் இயந்திரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். குளிர்ந்ததும் பாயசம் பசையாகி, துடுப்பு நின்று, பற்சக்கரத்தில் நான்கு பற்கள் போயின. டுரியான் விழுதையும் இவ்வாறே கெட்டியாக அள்ளிப் போடக் கூடாது. பாலில் கரைத்து, தோசை மாவின் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். முந்திரி, திராட்சை, பேரீச்சைத் துண்டுகளைக் கடைசி ஐந்து நிமிடங்களில் சேர்த்தால் போதும்.

கம்ப்ரசர் வைத்த இயந்திரங்கள் வேறு இனம். அவை தாமே குளிரை உண்டாக்குகின்றன. ஃபிரீசரில் எதையும் முன்கூட்டி வைக்க வேண்டியதில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் செய்யலாம். விலை பல மடங்கு கூடுதல், எடையும் பெரும்பாலும் பத்துக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இவற்றில் என் தொழிலுக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. விநியோக ஊழியர் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் அந்த எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அவசரப்படுத்துகிறார்கள் என்று உடனே போட்டுவிட்டால், எண்ணெயில்லாத கம்ப்ரசர் தேய்ந்து சாகும். நிமிர்த்தி வைத்து, குறைந்தது 12 மணி நேரம், படுக்க வைத்தே கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தால் ஒரு நாள் முழுவதும், பொறுத்திருங்கள். வீடு மாறும்போதும் இதே விதிதான்.

இடையில் நிறுத்தினால் உடனே மறுபடியும் போடாதீர்கள். குழாய்களில் அழுத்தம் சமநிலைக்கு வர ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் போட்டால் கம்ப்ரசர் திணறும். பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, கையகல இடைவெளி வேண்டும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது எங்கேயாவது கொட்டியாக வேண்டுமல்லவா? நம் சமையலறைகளில் அந்தத் துளைகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு கம்பளியாகவே படிந்துவிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். தனியாகக் கழற்றும் குவளை உள்ள வகையில், குவளைக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் காற்று நின்றால் குளிர் ஏறாது. அங்கே ஒரு கரண்டி உப்புநீர் விட்டால் குளிர் நன்றாகக் கடத்தப்படும். வேலை முடிந்ததும் அந்த உப்புநீரை ஒரு சொட்டும் விடாமல் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் அலுமினியத்தை அரித்துவிடும்.

கலவையைக் கட்டியாக உறைய வைத்துப் பிறகு கத்தியால் சுரண்டும் புதுவகை இயந்திரங்களும் இப்போது பிரபலமாகி வருகின்றன. அவையும் உங்கள் ஃபிரீசரை நம்பியே பிழைக்கின்றன. குவளையைச் சமதளத்தில் வைத்து 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும். மேற்பரப்பு சாய்ந்தோ மேடாகவோ உறைந்தால் கத்தி ஒரு பக்கமாக இறங்கிக் குவளையைக் கிழித்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே படிக்கும் மகன் அன்போடு தூக்கிவந்த இயந்திரத்தை, பிளக்கை மட்டும் மாற்றும் பத்து வெள்ளிச் சாமானை மாட்டி ஒருவர் போட்டார். புகை வந்ததைப் பார்க்க நானே அருகில் இருந்தேன். பிளக்கின் வடிவத்தை மாற்றினால் மின்னழுத்தம் மாறாது. அதற்கென்று இருக்கும் மின்மாற்றியை வாங்கி மாட்டினாலும் அதிர்வெண் மாறாது என்பதால் சில மோட்டார்கள் மெதுவாகவே சுற்றும். இங்கேயே வாங்குவது செலவிலும் பாதுகாப்பிலும் மேல்.

சுத்தம் செய்வதைப் பற்றி நான் கவலைப்படுவது இயந்திரத்துக்காக மட்டுமன்று. பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த ஒன்றைக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கிறோம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதுதான் கிருமிகள் பெருகும் அபாய எல்லை என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது; நம் சமையலறை மேசை அந்த எல்லையின் நடுவில் இருக்கிறது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவே. முட்டை சேர்த்தால் கலவையைக் கிளறிக்கொண்டே 82 டிகிரி வரை சூடாக்கி, பனிநீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்து விரைவாக ஆறவைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியில் வைத்து உருகிப்போன ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைந்து முடிந்ததும் துடுப்பையும் மூடியையும் அன்றே, காய்வதற்கு முன்பே, கழுவிவிட வேண்டும். துடுப்பின் அச்சு நுழையும் துளை, மூடியின் விளிம்பில் இருக்கும் பள்ளம், ரப்பர் வளையத்தின் அடிப்பகுதி ஆகிய மூன்றிலும்தான் பால் தங்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றியே கழுவ வேண்டும். ஒரு வீட்டில் அதைக் கழற்றியபோது உள்ளே கருத்த பூஞ்சை வட்டமாகப் படிந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்மணியின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது.

உறைகிண்ணத்தைச் சுடுநீரில் போடாதீர்கள். உறைந்த நிலையில் சூடு பட்டால் சுவர்கள் விரிந்து ஒட்டுப்பகுதி பிளக்கும். அறை வெப்பத்துக்கு வரட்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பும் பஞ்சும் கொண்டு கழுவுங்கள். கம்பிநார் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரமும் கூடாது. அதில் போடும் கடுமையான தூள் அலுமினியத்தைக் கருக்கச் செய்வதோடு, அதன் சூடு கிண்ணத்தின் ஒட்டையும் கெடுத்துவிடும். கழுவிய கிண்ணத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு மணி நேரமாவது கவிழ்த்து உலரவைத்த பிறகே ஃபிரீசருக்குள் கொண்டுபோக வேண்டும். கிண்ணத்தின் ஒட்டிலிருந்து நீர்மம் கசிவதைக் கண்டால் அன்றோடு அதைக் கைவிட்டுவிடுங்கள், பசை போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டாம். மோட்டார்ப் பகுதியைத் தண்ணீரில் முக்காமல் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். துடைக்கத் தவறினால் எறும்புகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பும் இனிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் மோட்டார்க் கூட்டைவிட அவற்றுக்கு உகந்த இடம் வேறில்லை.

இவ்வளவும் பயனீட்டாளரின் பொறுப்பு. ஆனால் விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதைத் தங்கள் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு இயந்திரத்தின் மூடியில் கைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைந்தது. வாங்கிய கடையில் கேட்டபோது, உதிரிபாகம் தனியாக வருவதில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரையும் பழுதில்லாத கிண்ணத்தையும் ஒரு கொக்கிக்காகக் குப்பையில் போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்? இறுதியில் அதைக் கம்பி வளைத்து நானே சரிசெய்துகொண்டேன். எல்லோருக்கும் கையில் குறடு இருக்காது. தீவின் பல இடங்களில் தொண்டூழியர்கள் நடத்தும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற முயற்சிகளில் இத்தகைய சிறு பழுதுகளைச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே பழுதான இயந்திரம் வந்துவிட்டால் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துத் திரும்பிவர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, பொருள் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது தொடக்கத்திலிருந்தே இருந்த குறை என்றுதான் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் உறையாத கிண்ணத்தைக் குறை என்று எடுத்துக்கொண்டு போனால் அந்தச் சட்டம் உதவாது.

ஆகவே கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது மூன்று வரிகள்தான். கிண்ணத்தின் உயரமும் அகலமும், ஃபிரீசர் இருக்க வேண்டிய வெப்பநிலை, உறைய வைக்க வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பெட்டியின் முன்பக்கத்தில், விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். துடுப்பும் மூடியும் கிண்ணமும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. சமூக மன்றங்களில் சமையல் வகுப்பு நடத்துவோர், செய்முறை சொல்வதற்கு முன் கால் மணி நேரம் இயந்திரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டலாம். தங்கள் சமையல் பகுதியில் ஐஸ்கிரீம் குறிப்புகள் வெளியாகும்போது, "குளிரவைத்து உறையவிடவும்" என்று ஒரே வரியில் முடிக்காமல், எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று அச்சிட்டால் எழுதுபவருக்குச் சிறிது வேலை கூடும், படிப்பவரின் பால் வீணாகாது.

என் கதவைத் தட்டிய மூவரில் மூன்றாமவர் நான்காம் மாடியில் வசிப்பவர். நாடாவால் ஃபிரீசரை அளந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் வீட்டு இயந்திரத்தைக் கிண்ணத்தோடு இரவல் வாங்கிப் போகிறார். கலவையை முந்தைய இரவே அவர் தயாரித்துவிடுகிறார். கிண்ணத்தை உறைய வைப்பது என் பொறுப்பு. சென்ற மாதம் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அடிப்பக்கம் ஈரமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது ஃபிரீசர் தட்டோடு ஒட்டிக்கொண்டு, பெயர்த்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்பதனத் தொழில்நுட்பர்,
ஈசூன்.